கல்லில் கவிதை, கதவில் பூட்டு

கவிதையைக் கல்லில் வெட்டி வைப்பதில் ஒரு நிர்வாக வசதி இருக்கிறது. கல்லுக்குச் சம்பளம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, தொழிற்சங்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூடுதல் காசு கேட்காது. ஒருமுறை நாடா வெட்டினால் போதும், அடுத்த பட்ஜெட்டில் அதன் பேச்சே எழாது. புத்தகம் அப்படியல்ல. அதற்குக் கட்டடம் வேண்டும், கட்டடத்துக்கு ஹீட்டர் வேண்டும், மேசைக்குப் பின்னால் ஒரு மனிதர் வேண்டும். ஆகவே, ரொறன்ரோவில் நூலக முற்றங்களைக் கவிதையாலும் சிற்பத்தாலும் அழகுபடுத்த வேண்டும் என்று யாராவது உருகத் தொடங்கினால் நான் கேட்பது ஒன்றுதான்: உள்ளே எத்தனை மணிவரை விளக்கு எரியும்?

கலைமேல் எனக்குக் கோபமில்லை. கொலேஜ் வீதியில் லிலியன் எச். ஸ்மித் கிளையைப் போய்ப் பாருங்கள். 1995-இல் திறந்த கட்டடம். வாசலின் ஒரு பக்கம் வெண்கலச் சிங்கம், மறுபக்கம் கழுகுத் தலையும் சிங்க உடலுமாக ஒரு கிரிஃபின். பிள்ளைகள் அதன் நகத்தைப் பிடித்துத் தொங்குவார்கள். தாய்மார் அவர்களைப் பிடுங்கி உள்ளே இழுத்துப் போவார்கள். உள்ளே ஒஸ்போர்ன் தொகுப்பில் பழங்காலச் சிறுவர் நூல்கள். வாசலில் நிற்கிற விலங்கு வரும் கதைகள் உள்ளேயே இருக்கின்றன. அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் பிபி நிக்கல் சந்து, கோச் ஹவுஸ் பதிப்பகத்தின் பின்பக்கம். கவிஞர் நிக்கலின் குட்டிக் கவிதை ஒன்று அங்கே கொங்கிறீற் தரையில் வெட்டப்பட்டிருக்கிறது. அதன்மேல் கார் ஏறும், குளிர்காலத்தில் பனி மூடும். பரவாயில்லை, பக்கத்திலேயே அச்சு இயந்திரம் ஓடுகிறது.

இவை விதிவிலக்குகள். இந்த நகரத்தில் பெரிய கட்டடம் எழுப்புகிறவரிடம், கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தைப் பொதுக்கலைக்கு ஒதுக்கும்படி நகரசபை கேட்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கலை எங்கே போய் நிற்கும்? பெரும்பாலும் கொண்டோவின் முகப்பில், விற்பனை அலுவலகத்துக்கு எதிரே. வளைந்த இரும்புக் குழாய் ஒன்று. அதற்குப் பொருள் சொல்ல ஒரு பலகை. பலகைக்குப் பொருள் சொல்ல ஒருவருமில்லை. 2021-ஐப் பொதுக்கலை ஆண்டு என்று வேறு அறிவித்தார்கள். தொற்றுக்காலத்தில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த பொதுமக்களுக்கு ஒரு ஆண்டு முழுக்கப் பொதுக்கலை!

அந்தப் பொதுமக்களே கலையில் கை வைக்கலாம் என்று ஒருமுறை துணிந்தும் பார்த்தார்கள். 2017 டிசம்பரில் சப்வேயை வோன் வரை நீட்டியபோது, பயனியர் வில்லேஜ் நிலையத்தில் பெர்லின் கலைஞர்கள் ஒரு விளக்குப் படைப்பை நிறுவினார்கள். கீழே விசைப்பலகை, மேலே எழுத்தாக எரியும் விளக்குகள். பயணி எட்டு எழுத்துவரை தட்டலாம். நிலையம் முழுக்க அது ஒளிரும். ஆங்கில எழுத்தில் ‘வணக்கம்’ சரியாக எட்டுத்தான், எண்ணிப் பாருங்கள். ஆனால் நிலையம் திறந்தபோது விசைப்பலகையை முடக்கி வைத்துவிட்டார்கள். யாராவது வெறுப்பை எழுதிவிட்டால்? அந்தப் பயத்தை நான் முழுக்கச் சிரித்துத் தள்ளவில்லை. இங்கே சுவரில் எழுதப்படுவது என்னவென்று எங்களுக்கும் தெரியும். ஆனால் எழுதவே முடியாத எழுதுபலகையை மக்கள் கலை என்று திறந்து வைக்கத் தனித் தைரியம் வேண்டும்.

இனி 2011. நகர மேயர் ரொப் ஃபோர்ட், அவருடைய அண்ணன் டக் ஃபோர்ட் கவுன்சிலர். செலவு வெட்ட ஆலோசனை நிறுவனம் ஒன்று பட்டியல் போட, அதில் நூலகமும் விழுந்தது. எட்டோபிக்கோவில் தன் பகுதியில் ரிம் ஹோர்ட்டன்ஸ் கடைகளைவிட நூலகங்கள் அதிகம் என்றார் டக். எண்ணிப் பார்த்தவர்களுக்குக் கணக்கு நேர்மாறாக வந்தது. எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் நூலகத்துக்காகக் குரல் கொடுத்ததும், அந்த அம்மா தெருவில் எதிரே வந்தாலும் தனக்கு அடையாளம் தெரியாது என்றார். அவர் சொன்னதில் இது மட்டும் உண்மையாக இருந்திருக்கும்.

அந்த ஜூலையில் நகரசபைக் குழு விடிய விடிய இருந்து மக்களின் முறையீட்டைக் கேட்டது. நள்ளிரவு தாண்டி, 14 வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி ஒலிவாங்கிக்கு முன் வந்து நின்று தன் நூலகத்துக்காக அழுதாள். இந்த நகரத்தின் பொதுக் கவிதை எது என்று என்னைக் கேட்டால், அதைத்தான் சொல்வேன். அதை ஒருவரும் கல்லில் வெட்டவில்லை. கிளைகள் தப்பின, நகரவியல் நூலகம் ஒன்று மட்டும் பலியானது. டக் ஃபோர்ட் 2018-இல் மாகாண முதல்வரானார். அடுத்த ஆண்டே தென் ஒன்ராறியோ நூலகச் சேவையின் பணம் பாதியாக வெட்டப்பட்டது. சிற்றூர் நூலகங்களுக்கிடையே புத்தகம் ஏற்றி ஓடிய வான்கள் நின்றன. இந்த வெட்டு நடந்த சட்டமன்றத்துக்குப் பின்னால், குயின்ஸ் பார்க்கில், கவிஞர் அல் பர்டி 2008 முதல் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். மெத்தைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபடி கவிதை எழுதிய மனிதர். சிலைக்கு நிதி வெட்டில்லை.

2023 அக்டோபரில் ரொறன்ரோ நூலகத்தின் கணினிகளை இணையக் கொள்ளையர் முடக்கினார்கள். நூறு கிளைகள் உள்ள அமைப்பு, மாதக்கணக்கில் தடுமாறியது. திரும்பி வந்த புத்தகங்களைப் பதிய வழியில்லாமல் லொறிப் பெட்டிகளில் அடுக்கினார்கள். பத்து லட்சம் அளவுக்குச் சேர்ந்தது என்றார்கள். அப்போதும் கதவைத் திறந்து வைத்திருந்தது ஊழியர்கள்தான். வீட்டில் கணினி இல்லாதவனுக்கு நூலகக் கணினியும் இல்லாமல் போனது. முற்றத்துச் சிற்பங்களுக்கு ஒரு சேதமும் இல்லை. அவற்றில் களவெடுக்க எதுவுமில்லையே.

எங்கள் ஆட்களையும் விட்டுவைப்பதாக இல்லை. ஸ்காபரோவில் நூலகக் கிளையின் தமிழ்த் தட்டைப் பாருங்கள். பிளாஸ்ரிக் உறை போட்ட சென்னைப் பதிப்புகள், பொன்னியின் செல்வன் நான்கு பாகம். ஐந்தாவது எப்போதும் யாரோ ஒருவர் வீட்டில். தாமதக் கட்டணத்தை நூலகம் 2022-இல் நீக்கிவிட்டதால் அவருக்கு அவசரமுமில்லை. இந்தத் தட்டுக்கு முன்னால் நின்று எங்கள் தலைவர் யாரும் படம் எடுத்ததை நான் கண்டதில்லை. ஆனால் ஜனவரி வந்தால் தமிழ் மரபுத் திங்கள். வேட்டிக்கு மேல் குளிர்ச்சட்டை போட்ட கவுன்சிலர், பொங்கல் பானை, பொன்னாடை, மூன்று மொழியில் பிழையான வணக்கம். முற்றத்தில் வள்ளுவர் வேண்டும், குறள் பலகை வேண்டும் என்று கைதட்டல். வைக்கலாம். ஜனவரியில் அந்தப் பலகை பனிக்குக் கீழே இருக்கும்; மாசியில் பனிவாரி அதன் ஓரத்தை உடைக்கும்; பங்குனியில் வீதி உப்பு எழுத்தைத் தின்னும்.

இதே ஊரில் இரவு வேலை முடித்துக் கவிதை எழுதிய தமிழர்கள் எத்தனை பேர். ‘காலம்’ இதழ் இங்கிருந்துதான் வந்தது. ‘இலக்கியத் தோட்டம்’ அமைப்பு 2001-இலிருந்து இங்கேதான் விருது கொடுக்கிறது. இவர்கள் எழுதிய நூல்களில் எத்தனை அந்தத் தட்டில் இருக்கின்றன என்று மேடைக்காரர் ஒருவரும் கேட்டதில்லை. புத்தகத்தை மேடைக்குப் பின்னால் தொங்கவிட முடியாதே.

சிலை வைத்தால் நூலகம் பாதுகாப்பாகும் என்று நம்ப உலகத்தில் யாருக்கும் உரிமை உண்டு, யாழ்ப்பாணத்தாருக்கு மட்டும் கிடையாது. எங்கள் நூலக முற்றத்தில் வீணையோடு சரஸ்வதியே இருந்தாள். 1981 ஜூன் முதலாம் நாள் உள்ளே ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. எரித்தவர்களுக்குச் சிலை தடையாக இருக்கவில்லை. கட்டடத்தைத் திரும்ப வெள்ளையடித்துக் காட்டியவர்களுக்கும் சிலை நன்றாகவே உதவியது. இதை அனுபவித்த சனம், ஸ்காபரோவில் ஒரு கிளையின் நேரம் குறைந்தால் வாயைத் திறக்காது, கல்வெட்டுத் திறப்பு விழாவுக்கு மட்டும் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வரும். ஸ்காபரோ ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டு அதோடு நின்றே போனது. பஸ்ஸுக்காகக் குளிரில் நிற்கிற பிள்ளைக்கு ஒதுங்க இருக்கிற ஒரே சூடான, காசு கேட்காத இடம் நூலகம். அந்த இடத்தின் நேரத்தைப் பற்றிய கூட்டத்துக்கு எங்கள் சங்கங்களில் எத்தனை போயின?

சரி, கல் வெட்டியே தீருவோம் என்றால் என்னிடமும் ஒரு வாசகம் இருக்கிறது. ஒவ்வொரு கிளையின் வாசலிலும் அந்தப் பகுதிக் கவுன்சிலரின் பெயர். நூலகப் பட்ஜெட்டுக்கு அவர் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்பது, ஆண்டுவாரியாக. அடுத்த ஆண்டுகளுக்குக் கீழே இடம் விட்டு வையுங்கள். உப்புக்குக் கரையாத கருங்கல்லாகப் பார்த்து எடுங்கள். தமிழிலும் வெட்டுங்கள்; எங்கள் அப்பம்மாமாருக்கு இங்கிலீஷ் வராது, பெயர்கள் மறக்காது.