தலை வரும் வரை: எல்லா வயதினருக்குமான குரோஷாக் குல்லா குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம் என்று முன்னோர் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தத் தலை சுற்றளவில் எத்தனை சாண் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள். இந்த இடைவெளியை நிரப்ப எந்தப் பல்கலைக்கழகமும் துறை தொடங்கவில்லை. பொறுப்பு முழுவதும், மடியில் உல்லன் நூல்கண்டும் கையில் குரோஷா ஊசியுமாக மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்யும் அத்தை, பெரியம்மா, சித்தி ஆகியோர்மீது விழுந்தது.

அவர்கள் ஒரே செய்முறையில் பிறந்த குழந்தைக்கும் குல்லா போடுகிறார்கள், ஓய்வுபெற்ற தாத்தாவுக்கும் போடுகிறார்கள். அதே நூல், அதே ஊசி, அதே கண்ணி. ஒரே வழியில் போய் இரு வேறு தலைகளை எப்படி அடைய முடியும் என்பதே இவ்வாய்வு எழுப்பும் வினா.

கருதுகோள் பின்வருமாறு: குல்லாவின் கலை கண்ணி கூட்டுவதில் இல்லை; கூட்டுவதை எங்கே நிறுத்துவது என்று அறிவதில் இருக்கிறது. வயது என்று உலகம் சொல்வது, குல்லாவியலில், நிறுத்தும் இடத்தைத் தவிர வேறில்லை.

2. ஆய்வு எல்லை

மங்கி குல்லா இவ்வாய்வுக்குள் வராது. 1854-இல் கிரிமியப் போரின் சண்டை ஒன்று நடந்த பாலக்லாவா என்ற ஊரின் பெயரில் மேலை நாட்டார் அதை வழங்குகிறார்கள். நம் ஊரில் அதை அணிபவர்கள் பால் பாக்கெட் வாங்கப் போகிறவர்கள். இவ்விரு களங்களையும் ஒப்பிடத் தனி ஆய்வேடு வேண்டும்.

இரட்டை ஊசிப் பின்னலும் விலக்கப்படுகிறது. அதில் ஒரு வரிசைக் கண்ணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊசியில் உயிரோடு காத்திருக்கும். குரோஷாவில் எந்தக் கணத்திலும் உயிரோடிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி. அதை விட்டுவிட்டு நூலை இழுத்தால் ஒரு வாரத்து உழைப்பு ஒரு நிமிடத்தில் பழையபடி நூலாகிவிடும். இந்தப் பண்பு பின்னர் ஒரு சட்டச் சிக்கலைத் தீர்க்க உதவும் என்பதால் வாசகர் இதை நினைவில் கொள்க.

இரட்டை ஊசிப் பின்னலை எந்திரம் கற்றுக்கொண்டு நூற்றாண்டுகள் ஆகின்றன. உண்மையான குரோஷாவை இன்றுவரை எந்திரம் கற்கவில்லை. ஆகவே எங்கேனும் ஒரு குரோஷாக் குல்லாவைக் கண்டால், அதன் மறுமுனையில் ஒரு மனிதக் கை இருந்தது உறுதி. அந்தக் கை கழுத்துவலியைப் பற்றிப் புலம்பியிருக்கும் என்பது இவ்வாய்வின் துணை ஊகம்.

3. முன்னாய்வுகள்

குல்லாவை வற்புறுத்தி அணிவிக்கும் மரபில் முதன்மையான ஆவணம் இங்கிலாந்தின் 1571-ஆம் ஆண்டுச் சட்டம். முதலாம் எலிசபெத் காலத்தில் இயற்றப்பட்ட இது, ஆறு வயதுக்கு மேற்பட்டோர் ஞாயிறுகளிலும் விடுமுறை நாள்களிலும் உள்நாட்டில் செய்த கம்பளித் தொப்பியை அணிய வேண்டும் என்றது. தவறினால் நாளொன்றுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் தண்டம். பெருமக்களுக்கும் சீமாட்டிகளுக்கும் விலக்கு உண்டு. குளிர்மீது கொண்ட அக்கறையால் வந்த சட்டம் அல்ல இது. கம்பளித் தொழிலைக் காக்க வந்தது. 1597-இல் நீக்கினார்கள். ஓர் அரசு 26 ஆண்டுகள் தண்டம் போட்டும் நிலைநிறுத்த முடியாத பழக்கத்தை, ஊட்டிக்குப் புறப்படும் குடும்பத்தில் ஒரு பெரியம்மா வாசற்படியிலேயே நிலைநிறுத்திவிடுகிறார் என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

குரோஷா இந்தச் சட்டத்தைவிட வயதில் மிகச் சிறியது. அதன் செய்முறைகள் அச்சேறியது 1823-இல், பெனலபி என்ற டச்சு இதழில். அடுத்த தலைமுறைக்குள், 1845-இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்தின்போது, அதே ஊசியால் சரிகை பின்னி விற்றுக் குடும்பங்கள் உயிர் பிழைத்தன. நம் பக்கத்தில் ஆந்திரத்தின் நரசாபுரம் பெண்கள் தலைமுறைகளாக இந்த வேலையைச் செய்துவருகிறார்கள்.

சென்னை இத்துறைக்கு அளித்த பங்கு தனித்துக் குறிப்பிடத்தக்கது. 2016 ஜனவரி 31 அன்று மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வையை விரித்து உலகச் சாதனை படைத்தார்கள். வளர்ந்த தலைக்கான குல்லா ஒன்று ஏறத்தாழ 890 சதுர செ.மீ. பரப்புக் கொண்டது என்று வைத்துக் கணக்கிட்டால், அந்தப் போர்வைக்குள் சுமார் 1,25,000 குல்லாக்கள் உறங்குகின்றன. ஜனவரியிலும் இரவு வெப்பம் சராசரியாக 20 டிகிரிக்குக் கீழே இறங்காத ஊரில் இது நடந்தது. தேவைதான் படைப்பின் தாய் என்ற கோட்பாடு இதனால் ஆட்டம் காண்கிறது. குரோஷாவின் தாய், கையில் மிச்சமிருக்கும் நூல்.

4. கருவிகளும் முறையும்

நாலிழை உல்லன் நூல், 5 மி.மீ. ஊசி, ஒரு கத்தரிக்கோல். உல்லன் என்று பெயரே தவிர நூல் பெரும்பாலும் அக்ரிலிக். ஆட்டுக்கு இதில் தொடர்பில்லை.

விரலில் நூலை வளையமாகச் சுற்றி, அதற்குள் 12 டபுள் குரோஷா போட்டு, வால்நூலை இழுத்தால் வளையம் இறுகி நடு ஓட்டை மறையும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டு: 24. மூன்றாம் சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு: 36. அடுத்தது 48. ஒவ்வொரு சுற்றுக்கும் 12 கூடும். சிங்கிள் குரோஷாவானால் 6-இல் தொடங்கி ஆறாறாகக் கூட்ட வேண்டும்.

ஏன் 6? வட்டத்தின் ஆரம் ஓர் அலகு கூடினால் சுற்றளவு இரண்டு பை, அதாவது 6.28 அலகு கூடும். சிங்கிள் குரோஷாக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறையச் சமம். ஆகவே ஒரு சுற்றுக்கு 6.28 கண்ணி கூட்ட வேண்டும். டபுள் குரோஷா ஏறத்தாழ இரு மடங்கு உயரம் என்பதால் 12.56. பின்னங்களுக்குக் கண்ணி போட முடியாது என்பதைக் கண்ட பெண்கள் அவற்றைத் தள்ளிவிட்டார்கள். நூலின் இழுவை அந்த மிச்சத்தை விழுங்கிக்கொள்கிறது. வடிவியல் வகுப்பில் பையைக் கண்டு அஞ்சியதாகச் சொல்லும் பெரியம்மாக்கள், ஐம்பது ஆண்டுகளாக அதை மடியில் வைத்துப் பின்னிக்கொண்டிருக்கிறார்கள்.

5. தகவலாளர் வாக்குமூலம்

கள ஆய்வின் முதன்மைத் தகவலாளர் ஓர் அத்தை. நேர்காணலின் தேவையான பகுதி கீழே தரப்படுகிறது.

“எத்தனை சுத்து கூட்டணும் அத்தே?”

“தலை வர்ற வரைக்கும்.”

“தலை வந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?”

“கையில விரிச்சு வெச்சுப் பாரு. மணிக்கட்டுலேர்ந்து நடுவிரல் நுனி வரைக்கும் வந்துதுன்னா பெரியவங்க தலை. உள்ளங்கை மட்டும் மூடினா பொறந்த கொழந்தை. நடுவுல இருக்கறதெல்லாம் பள்ளிக்கூடம் போறதுங்க.”

இக்கூற்று அளவுநாடாவால் சரிபார்க்கப்பட்டது. பெண் கையின் நீளம் ஏறத்தாழ 17 செ.மீ.; உள்ளங்கை மட்டும் சுமார் 10 செ.மீ. இந்த இரண்டு எண்களும் அடுத்த இயலில் மீண்டும் தலைகாட்டும்போது, தகவலாளருக்கு முனைவர் பட்டம் ஏன் வழங்கப்படவில்லை என்ற கேள்வி எழும்.

6. கண்டுபிடிப்புகள்

பிறந்த குழந்தையின் தலை சுற்றளவு சுமார் 34 அல்லது 35 செ.மீ. முதல் பிறந்த நாளில் சுமார் 46. வளர்ந்தவருக்கு 55 முதல் 58. சாண் கணக்கில் சொன்னால் பிறக்கும்போது ஒன்றரை, முதிர்ந்தபின் இரண்டரை. மனிதத் தலை வாழ்நாளெல்லாம் வளர்வது ஒரே ஒரு சாண். வயிற்றுக்கு மரபு ஒதுக்கிய அதே அளவு. அதிலும் பாதிக்குமேல் முதல் ஆண்டிலேயே வளர்ந்துவிடுகிறது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் பள்ளி, கல்லூரி, வேலை, கல்யாணம் எல்லாம். தலைக்கனம் என்று பின்னாளில் கூடுவது சுற்றளவில் தெரிவதில்லை. தெரிந்திருந்தால் சில தலைகளுக்கு நூல் கட்டுப்படியாகாது.

குல்லா தலையைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவாக இருந்தால்தான் இழுபட்டுப் பிடித்து நிற்கும். 56 செ.மீ. தலைக்கு 53 என்று கொண்டு, பையால் வகுத்தால் உச்சி வட்டத்தின் விட்டம் 17 செ.மீ. பிறந்த குழந்தைக்கு 33-ஐ வகுத்தால் பத்தரை. அத்தையின் கையும் ஆர்க்கிமிடீசின் பையும் அரை செ.மீ. வேறுபாட்டில் ஒத்துப்போகின்றன.

இனி முதன்மைக் கண்டுபிடிப்பு. இந்த நூலில் டபுள் குரோஷாச் சுற்று ஒன்று ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. உயரம், அது வட்டத்தின் விட்டத்தை 3 செ.மீ. கூட்டும். பத்தரைக்கும் பதினேழுக்கும் உள்ள வேறுபாடு ஆறரை. ஆக, தொட்டில் தலைக்கும் பென்ஷன் தலைக்கும் நடுவே இருப்பது கூட்டல் சுற்று இரண்டும் சொச்சமும்தான். வட்டம் தேவையான விட்டத்தை அடைந்ததும் கூட்டலை நிறுத்தி, கண்ணிக்கு ஒரு கண்ணி என்று போட்டுக்கொண்டே போனால் பக்கங்கள் தாமாக இறங்கத் தொடங்கும். உச்சியிலிருந்து குழந்தைக்குச் சுமார் 14 செ.மீ., பெரியவருக்கு 21 வந்தால் காது மூடும். காது மூடாத குல்லாவைத் தகவலாளர் குல்லா என்றே ஏற்பதில்லை. காதுவழிப் பனி இறங்கும் என்பது அவர் பள்ளியின் அடிப்படைக் கொள்கை.

7. பிழைகளின் வகைப்பாடு

நிறுத்தம் பிசகினால் மூவகை விளைவுகள் உண்டாகும்.

முதலாவது கிண்ணம்: முன்கூட்டியே நிறுத்தியது. உச்சந்தலையில் உட்காரும், இறங்காது. வீட்டில் அடுத்த பிரசவம் வரை பீரோவில் காத்திருக்கும்.

இரண்டாவது விரிப்பு: நிறுத்த மறந்தது. பேச்சு சுவாரசியத்தில் வட்டம் தலையைக் கடந்து போய்விடும். இதைக் குல்லா என்று ஒப்புக்கொள்ளாமல், தொலைக்காட்சிப் பெட்டிமேல் போட்டு, ஆரம்பத்திலிருந்தே அதற்காகத்தான் பின்னியதாகச் சொல்வது மரபு. தட்டைத் திரைத் தொலைக்காட்சி வந்தபின் இந்தத் தப்பும் வழி அடைபட்டது.

மூன்றாவது கொசுவம்: சுற்றுக்கு 12-க்கும் மேலாகக் கூட்டிக்கொண்டே போனது. சுற்றளவு வட்டத்தின் தேவையை மீற, இடம் கிடைக்காத நூல் மேலும் கீழுமாக அலையடிக்கும். தகவலாளர் இதைக் கண்டால் “பிரிச்சுடு” என்பார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் டைனா டைமினா பிரிக்கவில்லை. கணிதர்கள் காகிதத்தில் ஒட்டிக் காட்டிக் கிழிந்துபோன அதிபரவளையத் தளத்தை, 1997-இல் அவர் இப்படிக் கூட்டிக் கூட்டியே குரோஷாவில் கையில் பிடித்துக்காட்டினார். அதைப் பற்றி அவர் எழுதிய நூல், 2009-இன் வினோதமான தலைப்புக்குரிய டயகிராம் பரிசையும், 2012-இல் கணித நூல்களுக்கான ஆய்லர் பரிசையும் பெற்றது. ஒரே பிழை ஒரு வீட்டில் திட்டும் இன்னொரு வீட்டில் விருதும் வாங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

8. பிறவாத் தலை குறித்த சட்டச் சிக்கல்

பிள்ளை பிறக்குமுன் பிள்ளைக்கென எதுவும் வாங்கி வைக்கக் கூடாது, செய்து வைக்கக் கூடாது என்பது பல குடும்பங்களில் வழக்கம். ஆனால் குல்லா தேவைப்படுவதோ பிறந்த அன்றே. வழக்கையும் தேவையையும் ஒருசேரக் காப்பாற்றும் தீர்வைத் தகவலாளர் கண்டிருக்கிறார். குல்லாவைக் கடைசிச் சுற்று வரை போட்டுவிடுவார். ஆனால் நூலை வெட்டி முடிச்சுப் போட மாட்டார். கடைசிக் கண்ணியில் ஒரு ஊக்கை மாட்டி, நூல்கண்டோடு பையில் வைத்துவிடுவார். மாமியார் கேட்டால், “குல்லா இல்லீங்களே, சும்மா நூல்” என்பது பதில். நாம் முன்பு நினைவில் வைத்த அந்த ஒற்றைக் கண்ணி உயிரோடிருக்கும்வரை எந்த நொடியும் அது நூலாகிவிடக்கூடும் என்பதால், அவர் சொன்னது பொய்யாகாது. பிரசவ வார்டிலிருந்து போன் வந்த பத்தாவது நொடியில் முடிச்சு விழும்.

பார்க்காத தலைக்கு அளவு எப்படி? நடுத்தர அளவில் உரித்த தேங்காய். குடுமி உட்பட ஒத்துவருவதாகத் தகவல்.

9. மறுப்புரை

உடல் சூட்டில் பெரும்பகுதி தலை வழியாகத்தான் போகிறது என்பது குல்லாவியலாரின் ஆயுதம். 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரேச்சல் வ்ரீமன், ஆரன் கேரல் என்ற இரு மருத்துவர்கள் இதை மறுத்தார்கள். பழைய ராணுவச் சோதனை ஒன்றில் வீரர்களுக்கு உடல் முழுக்கக் குளிர்காப்பு உடை போட்டுத் தலையை மட்டும் திறந்து விட்டிருந்தார்கள். திறந்த இடம் வழியாகத்தானே சூடு போகும்! வளர்ந்தவரின் தலை தன் பரப்புக்கு ஏற்ற பங்கை, ஏறக்குறையப் பத்தில் ஒன்றைத்தான் இழக்கிறது. பிறந்த குழந்தைக்கு மட்டும் கதை வேறு: உடற்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு தலைதான். அங்கே குல்லா அலங்காரம் அல்ல, மருத்துவம்.

இம்மறுப்பு தகவலாளருக்கு வாசித்துக் காட்டப்பட்டது. “அந்த டாக்டருங்கள மார்கழியில நம்ம மொட்டை மாடிக்கு வரச் சொல்லு” என்றார். எதிர்வாதம் நிலுவையில் உள்ளது.

10. முடிவும் மேலாய்வுக் களங்களும்

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. எல்லா வயதினருக்கும் ஒரே குல்லாதான். வேறுபடுவது போட்டவர் கூட்டலை விட்ட சுற்று. கூட்டத் தெரிந்தவர்கள் ஊரில் பலர். விடத் தெரிந்தவரிடம்தான் குல்லாவுக்குச் சொல்லிவைக்கிறார்கள்.

குஞ்சம் தனி ஆய்வுக்குரியது. விரல் வளையத்துக்குப் பதில் நாலு சங்கிலியை வளையமாக்கித் தொடங்கினால் உச்சியில் ஓட்டை தங்கிவிடும். அதை மூடப் பிறந்ததே குஞ்சம் என்ற ஐயத்துக்குக் குல்லாக்களே சாட்சி. காலுறையில் ஒரே அளவில் இரண்டு வர வேண்டும் என்பதால் தகவலாளர் அத்துறையில் கால் வைக்க மறுத்துவிட்டார். மப்ளர்தான் கடினமானது. அதற்குத் தலை வராது. நிறுத்தச் சொல்லும் காரணம் எதுவும் வழியில் எதிர்ப்படாது. நூல் தீர்ந்தால்தான் அது முடியும், நூல் தீர்ந்தால் அத்தை கடைக்குப் போய் இன்னொரு கண்டு வாங்கிவருகிறார். ஆகவே அந்த ஆய்வுக்குக் காலக்கெடு குறிப்பிட இயலவில்லை.