நாலு சக்கரமும் ஒரு மண்பாதையும்

இங்கிலாந்துக் கிராமப் பாதைகளில் ஜீப்பை எங்கு வேண்டுமானாலும் இறக்கலாமா?

இறக்கலாம். பிறகு போலீஸ்காரர் உங்களை இறக்குவார்! மோட்டார் வண்டிக்கு உரிமை உள்ள 'பைவே'தானா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு நுழையுங்கள். பதிவாகாத பழைய பாதைகள் பலவற்றில் அந்த உரிமையை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் துடைத்துவிட்டது.

பாதையை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கினால்கூடக் குற்றமா?

வண்டியை நிறுத்த மட்டும் என்றால், 15 கெஜம் வரை 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கண்டுகொள்ளாது. நிலத்துக்காரர் கண்டுகொள்வார்.

மண்பாதைக்கு இன்ஷூரன்ஸ் எதற்கு?

அதுவும் சாலைதான் சார். வரி, இன்ஷூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் வேண்டும். சேறு மட்டும் இலவசம்.

சேறு தெறிக்க ஓட்டுவதில்தானே சுகம்?

யாருக்கு? தெற்கு இங்கிலாந்தில் 'ரிட்ஜ்வே' என்று 139 கிலோமீட்டர் நடைபாதை; மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்த தடம். அதில் வண்டி போகக்கூடிய பகுதிகளுக்கும் குளிர்காலத்தில் பெரும்பாலும் பூட்டுதான். ஈர மண்ணில் முதல் வண்டி பள்ளம் பறிக்கும். இரண்டாவது வண்டி அதற்குப் பயந்து ஓரமாகப் போய்ப் புல்லை மிதிக்கும். மூன்றாவது அதற்கும் ஓரமாக... பாதை அகலமாகிக்கொண்டே போகும், வயல் சுருங்கிக்கொண்டே வரும்.

ஃபோர் வீல் டிரைவ்கூடவா சிக்கிக்கொள்ளும்?

சிக்கும், நாலு சக்கரமும் ஒற்றுமையாக. துணைக்கு இன்னொரு வண்டி இல்லாமல் போகாதீர்கள்.

எதிரே குதிரை வந்தால் ஹார்ன் அடிக்கலாமா?

அதுவும் நாலு கால் டிரைவ்தான், உங்களுக்கு சீனியர். ஒதுங்கி எஞ்சினை அணையுங்கள்.