வாசலை மறைக்கும் கார்

கேள்வி: பெரிய வீடு, இரண்டு கார், நல்ல சம்பளம். இருந்தும் நிம்மதி இல்லையே, ஏன்?
— ஒரு வாசகர், பெட்டாலிங் ஜெயா

பதில்: இரண்டு காரும் காலை எட்டு மணிக்கு ஃபெடரல் ஹைவேயில்தானே நிற்கின்றன! ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1938 முதல் பல நூறு பேரின் வாழ்க்கையை விடாமல் ஆராய்ந்து வருகிறார்கள். முதுமையில் உடலும் மனமும் நலமாயிருக்க, காசு பணத்தைவிட நல்ல உறவுகளே உதவுகின்றன என்பது அவர்கள் கண்டது. நமக்கோ பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. அவர் கார் நம்பர் மட்டும் மனப்பாடம், நம் வாசலை மறைத்து நிறுத்துவதால்! தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு அமைச்சர் வீடுவரை போகிறோம். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி முறுக்குத் தட்டை நீட்டத்தான் கூச்சம். இன்று மாலை மாமாக் கடையில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு தே தாரிக் குடியுங்கள். நிம்மதி வருமோ இல்லையோ, வாசலாவது காலியாகும்.