மகள் கூப்பிட்டால் கிளம்புங்கள்!

? பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், “டிசம்பரில் நாலு நாள் வெளிநாடு போகலாம், வாம்மா” என்கிறாள். குளிருக்காக வெளிநாடா? நம்ம ஊரிலேயே ஸ்வெட்டர் போட்டுத்தானே திரிகிறோம்!
— வாசகி, ஏற்காடு

அவள் உங்களைக் கூப்பிடுவது குளிரைக் காட்டவா, கூட இருக்கவா? சம்பாதிக்கிற பிள்ளை லீவு போட்டுவிட்டு அம்மாவைத் தேடுகிறாள். பெட்டியைக் கட்டுங்கள்.

? டிசம்பரில் காபி பறிப்பு இருக்கிறதே, மகனோடு வெளிநாட்டுக்கு எப்படிப் போவது?
— வாசகர், நாகலூர்

பழம் எல்லாம் ஒரே நாளிலா சிவக்கிறது? ஒரு சுற்றுப் பறித்து, களத்தைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆளை வைத்துவிட்டுப் புறப்படுங்கள். சேர்வராயன் மலைக் காபியே கடல் கடந்து வந்ததுதான். 19-ஆம் நூற்றாண்டில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து நட்டார்.

? விசா அலைச்சல் இல்லாமல், மலையும் உள்ள வெளிநாடு?
— வாசகர், சேலம்

இலங்கையின் நுவரெலியா. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அது 1,870. சேலத்திலிருந்து ரயிலில் சென்னை போகும் நேரத்தைவிட, சென்னையிலிருந்து கொழும்புக்குப் பறக்கும் நேரம் குறைவு! பயண அனுமதிக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மீதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். டிசம்பரில் மலையில் மழை வரும், குடை எடுங்கள். கடற்கரை வேண்டுமென்றால் காலி நகரப் பக்கம் போங்கள்.

நுவரெலியாவின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அவர்களில் பலருடைய முன்னோர் சேலம், திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்து போனவர்கள். போட்டோ எடுப்பதோடு நிற்காமல், பிள்ளையை அழைத்துப்போய் அவர்களிடம் நாலு வார்த்தை பேச வையுங்கள்.