சுங்கம் தவிர்த்த தீவு

2017-ஆம் ஆண்டு எங்கள் மளிகைக்கடை வாசலில் அப்பா ஒரு பலகை மாட்டினார். இந்தியில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. நம் சனங்களுக்குப் புரியட்டும் என்று மூன்றாவது வரியைத் தமிழில் தம் கையாலேயே எழுதியிருந்தார்: 'எங்களுக்கு வரி வாங்கும் தகுதி இல்லை.'

முதலில் வந்து படித்தவர் பக்கத்துத் தெரு அக்கா. பலகையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஏண்ணே, அப்படி என்ன தப்பு பண்ணிட்டீங்க?"

அடுத்து வந்தவருக்கு விசாரிக்கும் வழக்கமெல்லாம் கிடையாது. "வரிதான் இல்லைன்னு போட்டிருக்கீங்களே, அப்புறம் ஏன் சோப்பு அதே விலை? ரெண்டு ரூபா குறைங்க."

காம்போசிஷன் என்று ஜிஎஸ்டியில் ஒரு திட்டம் உண்டு. சிறு வியாபாரிகளுக்கானது. வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு பைசா வாங்கக் கூடாது. வரிக்குட்பட்ட விற்பனையில் ஒரு சதவீதத்தை நம் கைக்காசாகக் கட்டிவிட வேண்டும். அந்தத் திட்டத்தில் இருப்பதைக் கடைப் பலகையில் காட்ட வேண்டும். வரி வசூலிக்கும் தகுதி இல்லை என்பதைப் பில்லின் உச்சியில் அச்சிட வேண்டும். இது சட்டம். 'சட்டத்துக்கு ஒண்ணு கூடவே செஞ்சிடுவோம்' என்று பில்லில் போட வேண்டியதையும் பலகையில் ஏற்றியது அப்பாவின் தனிப்பட்ட பங்களிப்பு.

எங்கள் கடை ஜங்லிகாட்டில் இருக்கிறது. ஊருக்கு அப்போது போர்ட் பிளேர் என்று பெயர். எழுபதுகளில் ராமநாதபுரம் பக்கமிருந்து கப்பலேறி வந்த அப்பா, ஜிஎஸ்டிக்கு முன் இங்கே விற்பனை வரி என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வரும்வரை அந்தமான் நிக்கோபாரில் விற்பனை வரியும் கிடையாது, வாட் வரியும் கிடையாது. எங்களுக்கும் லட்சத்தீவுக்கும் மட்டும் வாய்த்த பாக்கியம் அது. மெயின்லேண்டில் வியாபாரிகள் வாட் படிவங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் ஊர்க் கடைக்காரர்களுக்கு இருந்த ஒரே கவலை, கப்பல் வருமா வராதா என்பதுதான்.

சரித்திரப்படி பார்த்தாலும் இது பொருத்தமாகவே இருந்தது. முதலாம் ராஜேந்திரன் கைக்கொண்ட ஊர்களின் பட்டியலில் மாநக்கவாரம் வருகிறது. அது எங்கள் நிக்கோபார். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் முதலாம் குலோத்துங்கனைக் கல்வெட்டுகள் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்கின்றன. தாத்தா பிடித்த தீவில் பேரனின் கொள்கை தொள்ளாயிரம் ஆண்டு தாண்டியும் அமலில் இருக்கிறது என்றுதான் நான் பெருமையோடு நினைத்திருந்தேன். பிறகு ஜூலை 1 வந்தது. அதைவிட முக்கியமாக, மாமாவின் போன் வந்தது.

மாமா சென்னையில் இருக்கிறார். மொத்த வியாபாரிகளோடு புழங்குகிறவர். அப்பாவிடம் சொன்னார்: "மச்சான், வெளி மாநிலத்துல இருந்து சரக்கு எடுத்தாலே ஜிஎஸ்டி நம்பர் வாங்கியாகணும். இல்லேன்னா சரக்கைக் கப்பல்லயே புடிச்சு வெச்சுக்குவாங்க."

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. உப்பு, தீப்பெட்டி, பருப்பு, பவுடர் என்று எங்கள் கடையில் இருப்பதெல்லாம் வெளி மாநிலத்திலிருந்து மூன்று நாள் கடலில் வருபவைதான். தேங்காயும் வெற்றிலையும் மட்டும் உள்ளூர். அந்த வாரமே பதிவு செய்தோம். எண் 35 என்று தொடங்கியது. "தமிழ்நாட்டுக்கு 33, நடுவுல பாண்டிச்சேரிக்கு 34, அடுத்தது நம்மதான்" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். தீவுக்காரர்களுக்கு மெயின்லேண்டை நெருங்க எந்தச் சாக்கு கிடைத்தாலும் சந்தோஷம்தான்.

மாமா சொன்னது தப்பு என்று தெரிய எங்களுக்கு நான்கு வருடம் ஆனது. வெளி மாநிலத்துக்குச் சரக்கை விற்றால்தான் பதிவு கட்டாயம்; வெளி மாநிலத்திலிருந்து வாங்குவதற்குத் தேவையில்லை. மற்றபடி ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு என்பது அன்றைய சட்டம். 2019 ஏப்ரலிலிருந்து பொருள் விற்பவர்களுக்கு அது 40 லட்சம். எங்கள் கடையின் விற்பனை 18 லட்சம். யாரும் கேட்காமலே போய்க் கதவைத் தட்டி, 'ஐயா, எங்களிடமும் வரி வாங்கிக்கொள்ளுங்கள்' என்று எண் பெற்று வந்த குடும்பம் எங்களுடையது.

வந்த எண்ணை வைத்திருந்தால் மட்டும் போதாது, காலாண்டுக்கு ஒரு ரிட்டர்ன் போட வேண்டும். குடும்பத்தில் படித்தவன் என்ற வகையில் அது என் தலையில் விழுந்தது. அப்போது எங்கள் இன்டர்நெட் செயற்கைக்கோள் வழியாக வானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் இறங்காது. இங்கே மே மாதம் தொடங்கும் மழை டிசம்பர் வரை போகும். பத்து நிமிடமே உயிரோடிருக்கும் ஓடிபி, பதினொன்றாவது நிமிடம் என் போனுக்கு வந்து சேரும், துக்கத்துக்கு மறுநாள் வரும் தூரத்துச் சொந்தம் போல. ஊரே தூங்கும் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து உட்கார்வேன். அப்பாவும் கூடவே எழுந்து, பக்கத்தில் நாற்காலி போட்டு, ஒன்றும் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "இன்னும் எத்தனை சுத்துப்பா?" என்று ஒருநாள் கேட்டார், கோயில் பிரகாரத்தில் கேட்பது போல.

தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய். 25 மத்திய அரசுக்கு, 25 எங்கள் யூனியன் பிரதேசத்துக்கு. காலாண்டு வரி மூவாயிரம் ரூபாய் கட்டப் போய், நாற்பது நாள் தாமதத்துக்கு இரண்டாயிரம் சேர்த்துக் கட்டியதும் உண்டு.

விடிவுகாலம் கடலுக்கடியில் வந்தது. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு, 1,224 கோடி ரூபாயில் போட்ட கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று இயங்கத் தொடங்கியது. அன்றிரவு ஊரில் இளைஞர்கள் எல்லாரும் சினிமா பார்த்தார்கள். நான் ரிட்டர்ன் போட்டேன். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. நம்ப முடியாமல் அப்பா என்னைத் திரும்ப ஒருதடவை போடச் சொன்னார்.

இந்த இடத்தில் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வுக்குப் பின் இன்சூரன்ஸ் ஏஜென்ட். மற்ற மாதங்களில் நல்ல மனிதர். மார்ச் மாதத்தில் மட்டும் அவரைத் தெருவில் கண்டால் சனங்கள் சந்துக்குள் திரும்பிவிடுவார்கள். நான் திரும்பத் தவறிய ஒரு மார்ச்சில் என்னை டீக்கடையில் உட்கார வைத்து, "தம்பி, எண்பது சி தெரியுமா? ஒன்றரை லட்சம் வரைக்கும் வரி மிச்சம்" என்றார். வருடம் 24,000 ரூபாய், இருபது வருடம். கையெழுத்துப் போட்டேன். டீக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

அப்போது ஒரு டூர் கம்பெனியில் கணக்கெழுதி மாதம் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு 2,16,000. வருமான வரி ஆரம்பிப்பதே அன்று இரண்டரை லட்சத்துக்கு மேல்தான். எனக்கு வரியே கிடையாது. இல்லாத வரியை மிச்சப்படுத்த மாதம் இரண்டாயிரம் செலவழித்தவன் இந்தத் தீவுக்கூட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தப் பாலிசி கடைசியில் தரப்போகும் வட்டியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து சதவீதம்கூடத் தேறவில்லை. போஸ்ட் ஆபீஸில் பிபிஎஃப் கணக்கு 7.1 சதவீதம் தருகிறது. ஆனால் போஸ்ட் ஆபீஸ் என்னை டீக்கடைக்குக் கூப்பிடவில்லையே.

அப்பாவுக்கு நிதித் திட்டமிடல் என்றால் வேறு. மெயின்லேண்டு ஆலோசகர்கள் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் ஒதுக்கி வைக்கச் சொல்கிறார்கள். அப்பா ஆறு வாரத்துக்கான சரக்கை வீட்டுப் பரணில் ஒதுக்கி வைப்பார். புயல் வந்து கப்பல் நின்றுபோனால், பணம் கையிலிருந்தாலும் இங்கே உளுந்து கிடைக்காது. நிக்கோபாரில் ஒரு காலத்தில் தேங்காயைத்தான் நாணயமாகப் புழங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை சுலபமாக நடந்திருக்கும்.

2021-இல் ஒருவழியாக அபர்தீன் பஜாரில் மாடியறையில் இருக்கும் ஓர் ஆடிட்டரிடம் போனோம். வங்காளி. தமிழ்ப் பிள்ளைகளோடு தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்ததால் எங்களைவிடச் சுத்தமான ராமநாதபுரம் தமிழ் பேசுவார். 1,500 ரூபாய் ஃபீஸ் என்றதும் அப்பா படியிலேயே நின்றுவிட்டார். "புத்தி சொல்றதுக்குக் காசா? ஊரே இனாமாச் சொல்லுதே."

ஆடிட்டர் கணக்கைப் புரட்டினார். "உங்களை யாருண்ணே பதிவு பண்ணச் சொன்னது?"

"மச்சினன்."

"அவரு ஆடிட்டரா?"

"இல்லீங்க, மச்சினன்."

ஆடிட்டர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பதிவை ரத்துசெய்ய விண்ணப்பம் போட்டார். கடைக்கு வருமான வரி எப்படி என்று அப்பா பயந்துகொண்டே கேட்டார். உத்தேச வருமானம் என்று ஒரு வழி இருக்கிறது, பேரேடு எல்லாம் வேண்டாம். ரொக்க விற்பனையில் எட்டு சதவீதத்தை லாபம் என்று காட்டினால் போதும், யுபிஐ மாதிரி வங்கி வழியாக வந்த விற்பனைக்கு ஆறு சதவீதம் போதும் என்றார். 18 லட்சத்துக்கு எட்டு சதவீதம் 1,44,000. அதற்கும் வரி இல்லை. "அப்போ எதுக்குங்க ரிட்டர்ன்?" என்றார் அப்பா. "போடுங்கண்ணே, ஒருநாள் உதவும்" என்றார் ஆடிட்டர்.

எட்டுக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசம் அப்பா மனதில் பதிந்துவிட்டது. கடையில் பேசும் பெட்டி வந்தது. பணம் வந்தால் அது இந்தியில் கத்தும். ஒவ்வொரு தடவை கத்தும்போதும் அப்பா, "ரெண்டு பர்சன்ட் மிச்சம்" என்று முணுமுணுப்பார். மிச்சமாவது வரியில்லாத வருமானத்தில்தான். சித்தப்பாவிடம் நான் ஏமாந்ததைச் சொல்லி இன்றும் சிரிக்கிற மனிதர், இதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜிஎஸ்டியை விட்டோம் என்றுதான் நினைத்தோம், அது எங்களை விடவில்லை. காலாண்டுக்கு ஒரு படிவம் போட்டு வரி கட்டியது போதாதாம். 2019-20 முதல் அதற்கு மேல் வருடத்துக்கு ஓர் ஆண்டு ரிட்டர்னும் போட்டிருக்க வேண்டுமாம். நான்கையும் போட்டோமே, ஐந்தாவது எதற்கு என்று எனக்குத் தோன்றியதில் இரண்டு வருடம் விட்டுப்போயிருந்தது. தாமதக் கட்டணம் நாளுக்கு 50 என்று ஏறிக்கொண்டிருந்தது. 2023-இல் அரசு ஒரு சலுகை அறிவித்தது: விட்டுப்போன பழைய ரிட்டர்னை அந்த ஆண்டு குறித்த கெடுவுக்குள் போட்டால், ஒன்றுக்கு 500 ரூபாயோடு தாமதக் கட்டணம் நின்றுவிடும். ஆயிரம் ரூபாயில் தலை தப்பியது. அந்தச் செய்தியைச் சொன்னவரும் ஆடிட்டர்தான். மாமா அந்த வாரம் போன் செய்து, வெள்ளியில் முதலீடு செய்யச் சொன்னார்.

ஆடிட்டர் சொன்ன 'ஒருநாள்' அடுத்த வருடம் வந்தது. மீனும் ஐஸ்கிரீமும் வைக்க ஃப்ரீசர் வாங்க அப்பா முத்ரா கடன் இரண்டு லட்சம் கேட்டார். வங்கியில் மூன்று வருட வருமான வரி ரிட்டர்ன் கேட்டார்கள். மூன்றும் இருந்தன. மூன்றிலும் கட்டிய வரி பூஜ்யம். அதைப் பார்த்துத்தான் கடன் கொடுத்தார்கள். அப்பா கடைக்கு வந்து அந்தத் தாள்களைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார்.

2024 செப்டம்பர் 13-ஆம் தேதி ஊரின் பெயர் ஸ்ரீவிஜயபுரம் ஆயிற்று. ஸ்ரீவிஜயத்தின் மேல் 1025-இல் கப்பற்படையோடு போனவன் நம் ராஜேந்திரன். அவன் ஜெயித்த ராஜ்ஜியத்தின் பெயர் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது என்று நான் சொன்னபோது, அப்பாவின் கவலை எல்லாம் ஆதார் கார்டு விலாசத்தைப் பற்றித்தான் இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்பது சியின் பெயரும் போய் 123 என்றாகிறது. சித்தப்பா அதற்கும் புது நோட்டீஸ் அடித்துவிட்டார். அந்தக் கழிவு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், புது முறையில் 12 லட்சம் வரை சம்பாதித்தாலே வரி இல்லை என்பது நோட்டீஸில் இல்லை.

பழைய பலகை இப்போது ஃப்ரீசர் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. அதன் பின்பக்கத்தில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று எழுதியிருக்கிறார் அப்பா. உங்களில் யாராவது சின்னதாகக் கடை வைத்திருந்து, மச்சினன் பேச்சைக் கேட்டு ஜிஎஸ்டி நம்பர் வாங்கப் புறப்பட்டிருந்தால், முதலில் ஜங்லிகாட் வந்து அவரைப் பாருங்கள். ஆடிட்டர் விலாசமும் அவரே தருவார். டிசம்பரில் வருவதாக இருந்தால் ஐந்து மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். அதற்கப்புறம் இங்கே இருட்டிவிடும்.