ஃபேன்சி ஸ்டோர்: ஓர் அளவையியல் ஆய்வு

சிற்றூர்க் கடைவீதியின் பழைய ஃபேன்சி ஸ்டோரை வணிக நிலையம் என்று வகைப்படுத்துவது பிழை. மாயவரம் பட்டமங்கலத் தெரு போன்ற கடைவீதிகளில் பழகியவர்கள் அதை ஆவணக் காப்பகம் என்றே ஒப்புக்கொள்வார்கள். குறுகிய ஒரு கடைக்குள் கண்ணாடி வளையல், சவுரி, ரிப்பன், சாந்துக் குப்பி, ஊக்கு, பித்தான், பரீட்சை அட்டை, இறகுப்பந்து எல்லாம் அடங்கின. இவற்றுக்கு எழுதி வைத்த பட்டியல் கிடையாது. அது கடைக்காரரின் தலைக்குள் இருந்தது. அவர் சாப்பிடப் போனால் காப்பகத்துக்கு விடுமுறை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மைத்துனரிடம் எதைக் கேட்டாலும், "மாமா வந்துரட்டும்."

ஒப்பீட்டு ஆய்வாளர்கள் இங்கே அமெரிக்காவின் ஃபிராங்க் வுல்வொர்த்தை இழுப்பார்கள். 1879-ல் அவர் திறந்த கடையில் சரக்கு மேசைமேல் பரப்பிக் கிடந்தது. எதை எடுத்தாலும் 5 சென்ட். நம் மரபு நேரெதிர். சரக்கு கண்ணாடி அலமாரிக்குள், வாங்குபவர் கவுண்டருக்கு வெளியே, விலை கடைக்காரரின் வாயில். அதுவும் கேட்பவரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் வெளிவரும்.

ஆனால் இந்த நிறுவனத்தின் உண்மையான சாதனை வளையல் அளவில் இருக்கிறது. 'ரெண்டு நாலு' என்றால் உள்விட்டம் 2 அங்குலமும் அங்குலத்தில் 16-ல் 4 பங்கும். அதாவது 57 மில்லிமீட்டர் சொச்சம். 'ரெண்டு ஆறு' 60-ஐத் தாண்டும். 1957 ஏப்ரல் 1-ல் அரசு ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கை ஒழித்து, ரூபாயை 100 பைசாவாக்கியது. பதினாறாகப் பங்கிடும் வழக்கம் அன்றோடு செத்தது என்று நாடே நம்ப, அது பெண்களின் மணிக்கட்டில் ஏறித் தப்பித்துக்கொண்டது.

இரண்டு அளவுகளுக்கும் இடையே 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதைக் கடைக்காரர் கருவியில்லாமல் கண்டுபிடிப்பார். "கையை லூசா விடும்மா" என்பார். கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் மடக்குவார். விரல் முட்டிகளை ஒன்றாகக் குவித்து அமுக்குவார். வளையலைச் சற்றே சாய்த்துத் திருகுவார். பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கை உள்ளே போய்விடும். போகாத கைக்குச் சோப்புத் தண்ணீர். பெரிய அளவு கேட்டால் மட்டும் கொடுக்க மாட்டார். தொளதொளவென்று ஆடும் வளையலை விற்பது அவருக்கு மானப் பிரச்சினை.

கணவர்கள் தனி ஆய்வுக்குரியவர்கள். மாதிரி வளையலோடு வந்தவர் பாதி தேறியவர். வெறுங்கையோடு வந்தவரிடம் அளவு கேட்டால், கவுண்டரில் நிற்கும் ஏதாவதொரு பெண்ணின் கையைக் காட்டி, "இவங்களை மாதிரிதான்" என்பார். கடைக்காரர் அந்தப் பெண்ணை நிமிர்ந்தும் பார்க்காமல் ரெண்டு ஆறு கட்டிக் கொடுப்பார். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பதுதான் மேலாய்வுக்குரியது.

போடும்போது வளையல் உடைந்தால் நட்டம் யாருடையது? இதில் வாய்மொழிச் சட்டம் தெளிவு. கடைக்காரர் கையில் உடைந்தால் அவருக்கு. வீட்டுக்குப் போய் உடைந்தால் வாங்கியவருக்கு. கவுண்டரிலேயே, இரண்டு கைகளும் பிடித்திருக்கும்போது உடைந்தால், "கண்ணு பட்டுடுச்சு" என்று இரு தரப்பும் ஒத்துப்போய், நட்டத்தைப் பக்கத்தில் நின்றவர்மேல் எழுதிவிட்டு, அடுத்த டஜனைப் பிரிக்கும்.