எட்டிப் பார்த்த பெட்டி

களக்காடு சரணாலயத்தையும் முண்டந்துறை சரணாலயத்தையும் 1988இல் ஒன்றாக்கிப் புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். அத்தனை பெரிய இரண்டு காடுகள் ஒரே உத்தரவில் இணைந்துவிட்டன. என்னால் இணைக்க முடியாமல் போனது இரண்டு கம்ப்யூட்டர். நடுவில் இருந்தது ஒரு பிளைவுட் தடுப்பும் பதினைந்து அடி வயரும்.

களக்காட்டில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். முன்னறையில் கல்யாணப் பத்திரிகையும் வாழைத்தார் கமிஷன் கடைக்காரர்களின் பில் புத்தகமும் தயாராகும். பின்னறையில் பையன் ஒருவன் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்வான். அவன் பெட்டியில் ‘பொது’ என்று ஒரு ஃபோல்டருக்கு ஷேர் கொடுத்திருந்தோம். திடீரென்று ஒரு நாள், முன்னறையில் அதைத் திறந்தால் மேலே பச்சைக் கோடு பாதி தூரம் ஓடியது, அப்படியே நின்றது, திரையில் இருந்த எல்லாம் மாயம். ஐகான் இல்லை, கீழ்ப்பட்டை இல்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் திரும்பி வந்து, வாங்கிய கடனைக் கொடுக்காதவன் கல்யாண வீட்டில் நம்மைப் பார்த்துச் சிரிப்பதுபோல நின்றது. மறுபடி திறந்தேன். மறுபடி மாயம்.

புரூஃப் பார்க்க வந்தவர் உடனே தீர்ப்புச் சொன்னார்: “அண்ணாச்சி, கொரங்கு வயரக் கடிச்சிருக்கும்.” மலையடிவாரத்தில் எதற்கும் முதல் குற்றவாளி குரங்குதான். கொடியில் காயப்போட்ட வேட்டியைக் காணோமா, குரங்கு. பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்பு விட்டுப்போனதா, அதுவும் குரங்காகத்தான் இருக்கும். எங்கள் வயர் சுவருக்குள் பைப்பில் போகிறது என்றேன். “அப்பம் எலி” என்றார். இன்னொருவர், “சவத்தத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கும்வே” என்றார். அவர் எனக்குப் போன வருஷத்துப் பில் பாக்கி வைத்திருப்பவர்.

மெக்கானிக் வந்தார். அவரிடம் சகல நோய்க்கும் ஒரே மருந்து உண்டு: “ஃபார்மட் அடிச்சிருவோம்.” தலைவலி என்று போனவனிடம் தலையை எடுத்துவிடலாம் என்கிற வைத்தியம். காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

சென்னையில் இருக்கும் நண்பனுக்குப் போன் போட்டேன். “பழைய எஸ்.எம்.பி. 1ஐ ஆன் பண்ணு” என்றான். அது கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஃபோல்டரைப் பகிரப் பேசுகிற பழைய பாஷை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் அந்தப் பாஷையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 150 நாடுகளுக்கு மேல் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்டது. ஆந்திரப் போலீஸ் நிலையங்களின் கம்ப்யூட்டர்களே அதில் மாட்டின. அந்த வருஷக் கடைசியிலிருந்து, புதிதாகப் போடும் விண்டோஸ் 10இல் அந்தப் பாஷை வழக்கமாக வருவதில்லை. மூடிய கதவை நான் எதற்குத் திறக்க வேண்டும்? தவிர, பாஷை புரியாத பெட்டி ‘திறக்க முடியாது’ என்று சொல்லும், மயங்கி விழாது. மறுப்பது வேறு, விழுவது வேறு. நான்கு நாள் அலைந்த பிறகுதான் இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது.

கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து பின்னறைப் பெட்டிக்குப் பிங் கொடுத்தேன். நான்கு தடவை கூப்பிட்டது, நான்குக்கும் பதில் வந்தது. அங்கேயே ‘டிர்’ என்று அடித்து ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தேன். கோப்புகளின் பெயர்கள் மளமளவென்று இறங்கின. ஒரு மயக்கமும் இல்லை. ஆக வயர் நிரபராதி, குரங்கும் நிரபராதி.

ஐகான், கீழ்ப்பட்டை, ஃபோல்டர் ஜன்னல் எல்லாம் எக்ஸ்புளோரர் என்ற ஒரே ஆள் பார்க்கிற வேலை. பந்தி விசாரிப்பதும் மொய் எழுதுவதும் மைக்கில் பேசுவதும் ஒரே தாய்மாமன் என்றால், அவருக்கு மயக்கம் வந்தால் கல்யாணமே நின்றுபோகும் அல்லவா? நம் தாய்மாமனுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஃபோல்டரைத் திறந்ததும் பெயரை மட்டும் படிக்க மாட்டார். யாரும் கேட்காமலே ஒவ்வொரு வீடியோவுக்குள்ளும் எட்டிப் பார்த்து, ஒரு சின்னப் படம் எடுத்து ஐகானாக மாட்டுவார். கறுப்பு ஜன்னல் நாகரிகம் தெரிந்தது; எட்டிப் பார்ப்பதில்லை.

ஆனால் பின்னறைப் பெட்டியும் எட்டிப் பார்க்கிறதே, அது ஏன் விழவில்லை? அப்போதுதான் அக்கா மகன் ஞாபகம் வந்தது. லீவுக்கு வந்தவன் முன்னறையில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டேன்.

“எல்லாப் படமும் ஓடட்டும்னு ஒரு கோடெக் பேக் போட்டேன் மாமா. ஃப்ரீதான்.”

கோடெக் என்பது கம்ப்யூட்டர் வீடியோவைப் படிக்கப் போட்டுக்கொள்கிற கண்ணாடி மாதிரி. எட்டிப் பார்க்கிற வேலையை இப்போது செய்வது அந்த இலவசக் கண்ணாடி. ஃபோல்டர் ஆப்ஷனில் ‘எப்போதும் ஐகான் மட்டும், சின்னப் படம் வேண்டாம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். ‘பொது’ சாதுவாகத் திறந்தது. பின்னறைப் பையன் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். ஒரு கல்யாண வீடியோ காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்டு போய்ப் பாதியில் நின்றிருக்கிறது; அவன் அதை அழிக்கவும் இல்லை, என்னிடம் சொல்லவும் இல்லை. அந்தப் பாதி வீடியோவுக்குள் எட்டிப் பார்த்த இடத்தில்தான் கோடெக்குக்கு மயக்கம். அது விழும்போது தாய்மாமனையும் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது.

கோடெக்கைக் கழற்றினேன். கேமரா கார்டு பத்திரமாக இருந்ததால் வீடியோவை மறுபடி காப்பி செய்தோம். அக்கா மகன் ஊருக்குப் போய்விட்டான்.

அந்தக் கல்யாண வீட்டார் மட்டும் இன்னும் கடைப்பக்கம் வரவில்லை. போன மாசி மாதம் களக்காட்டில் கல்யாணம் முடித்துவிட்டு வீடியோ வாங்காமல் இருப்பவர்கள் இதைப் படித்தால், பென் டிரைவ் தயாராக இருக்கிறது. பாக்கிப் பணத்தோடு வரவும்.